பூங்கோதை சொல்லாத பொய்

ஆய்வகத்தில் செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தபோது செந்துறையிலிருந்து பூங்கோதையின் தம்பி செந்தில் கூப்பிட்டான். "அக்கா போயிட்டாங்க சார். காலையிலதான்." கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்தே எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த தட்டை மூடி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூரில் பூங்கோதைக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. அவருக்குச் செந்துறை, எனக்கு அரும்பாவூர். ஊர்ப்பேச்சுதான் எங்களை நண்பர்களாக்கியது. நரம்பு செல்லிலிருந்து நீண்டு செல்லும் இழை எப்படி வளர்கிறது என்பது அவருடைய ஆய்வு. இழை நீள வேண்டுமானால் அதன் முனையில் புதிய சவ்வு வந்து சேர வேண்டும். செல்லின் உடலில் உருவாகும் அந்தச் சவ்வு சின்னஞ்சிறு பைகளாக இழைக்குள் நெடுந்தூரம் சுமந்து செல்லப்பட்டு, முனையில் ஒட்டிக்கொள்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் செல்கள் முதிர்ந்த பிறகு, சிலவகைப் பைகள் இழைக்குள் சரியாக நுழைவதில்லை. அறுந்த இழை மறுபடி வளராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பைகளை உள்ளே அனுப்பத்தான் அவர் பாடுபட்டார்.

தம்பிக்காகவே இதைப் படித்தார் என்று இரங்கல் கூட்டத்தில் சிலர் பேசினார்கள். அப்படி இல்லை. அவர் இந்தத் துறைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் செந்தில் சிறுவாச்சூர் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தான். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. "அவன் விழறதுக்கு முன்னாடியே நான் இதத்தான் பாத்துட்டு இருந்தேன். கதை கட்டாதீங்க" என்று பூங்கோதையே ஒருமுறை எரிந்து விழுந்திருக்கிறார்.

ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், வெட்டிவிட்ட இழைகள் பல மறுபடி நீண்டிருந்தன. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

ஆனால் பத்திரிகையில் சிறு செய்தியாக வந்துவிட்டது. அதைப் பார்த்த அவருடைய மாமா, ஊசி போட்டுச் செந்திலை நடக்க வைப்பதாகச் சொல்லும் ஒரு மருத்துவரைப் பிடித்துவிட்டார். அந்தச் செலவுக்கு நிலத்தை விற்பதென்று பேச்சு. பூங்கோதை ஊருக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

"நரம்பு வளருதுன்னு நீதானடி கண்டுபிடிச்ச? ஊசி போட்டா என்ன?" என்று கேட்டார் அவர் அம்மா.

"அது தட்டுல வளந்த செல்லும்மா. அந்த ஊசியால இவன் எந்திரிக்க மாட்டான்."

"கூடப்பொறந்தவளே குறுக்க நிக்கிறா" என்றார் மாமா.

செந்தில் அக்காவைப் பார்த்தான். "என் ஆயுசுக்குள்ள எதாச்சும் வருமாக்கா?"

"தெரியலடா. வராதுன்னுதான் நெனக்கிறேன்."

அவன் சக்கர நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினான். பிறகு, "அப்ப நெலத்த விக்க வேணாம்" என்றான்.

அம்மா அதற்கப்புறம் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நோய் முற்றியபோது பெங்களூர் வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்; கடைசி நாட்களில் ஊருக்கே கூட்டிப்போனார். அந்த ஊசியைத் தடுத்ததை மட்டும் மன்னிக்கவில்லை. அடக்கம் முடிந்து நான் புறப்படும்போது என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு வுட்டிருந்தா இவனாவது நடந்திருப்பான் தம்பி."

செந்தில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தான். "அக்கா வேலைய இனி யாரு பாப்பாங்க சார்?"

"நான் பாக்கறேன்ப்பா. ஆனா உனக்கு…"

"தெரியும் சார். அக்கா சொல்லிருக்காங்க."

பாதியில் நிற்கும் அவருடைய சோதனைகள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அடிபட்டவர்களின் வீட்டார் அவ்வப்போது போன் செய்து, எப்போது நடப்பார் என்று கேட்கிறார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பூங்கோதையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது. சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்; சிலர் மறுநாளும் கூப்பிட்டு அதையே கேட்கிறார்கள்.