ஒரு சொட்டும் ஒழுகாத டெக்

இங்கே காலையில் எழும்பினால் முதல் வேலை கதவைத் திறப்பதல்ல, கதவைத் தோண்டி எடுப்பது. இரவு விழுந்த பனி பின்கதவின் பாதி உயரத்துக்கு வந்து சாய்ந்து நிற்கும். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பனி என்றால் இலவம்பஞ்சு மாதிரி என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நனைந்த அரிசிச் சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் பனி. அதை மரச் சவளால்தான், மண் அள்ளுகிற மாதிரி, வழிக்க வேண்டும். இரும்புச் சவள் பலகையைக் கீறிவிடும், கீறின இடத்தால் தண்ணீர் உள்ளே போகும். பலகை ஓடுகிற வாக்கிலேயே தள்ள வேண்டும், குறுக்கே தள்ளக் கூடாது. பழைய வீடு வைத்திருக்கிறவன் இதைச் செய்யாமல் ஒரு கிழமை படுத்துக் கிடந்தால், பனிக்கால மாரி முடியும்போது அவனுக்கு வீடு இருக்கும், வாசல் இருக்காது. கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள இந்தச் சின்னத் துறைமுகத்தில் என்னைப்போல் பழைய வீட்டைக் கட்டிக் காக்கிறவன் வேறு ஒருவனும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் அரிவரிக்கு மேல் கண்டவனல்ல. ஆனால் கொழும்புத் துறைமுகத்தில் கலப்பற்று வேலைக்கு என்னை மிஞ்ச ஆளில்லை. கப்பலின் மேல்தளப் பலகைகளுக்கு இடையிலே உள்ள நீக்கலில், கீலில், அதாவது மரத்தாரில், தோய்த்த சணல் நாரை உளிவைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்கி, மேலே கீலைக் காய்ச்சி ஊற்றுவதுதான் அந்த வேலை. நான் அடைத்த டெக்கில் வெள்ளைக்காரக் கப்பித்தான்மார் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே போய் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அந்தக் கையை நம்பித்தான் ஒரு கப்பல் தச்சன் என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தக் கையை நம்பித்தான் உலக யுத்த காலத்தில் இங்கே கப்பற்பட்டறையில் என்னைக் கெஞ்சி வைத்துக்கொண்டார்கள்.

என் மனைவி பூரணம் வெள்ளவத்தைக்காரி. ரயில்பாதைக்கு இந்தப் பக்கம், கடற்காற்றில் எப்போதும் உப்புப் படிந்திருக்கும் ஓர் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. தமையன் கொழும்புக் கோட்டையில் கிளறிக்கல் உத்தியோகம், கந்தோரில் பேனை பிடிக்கிற வேலை. வெள்ளைக் காற்சட்டையும் குடையுமாக ரயிலேறுகிற மனிதருக்கு, கொட்டாஞ்சேனைப் பட்டறையில் கரிபிடித்த வேட்டியோடு நிற்பவன் மாப்பிள்ளையாக வந்தது பொறுக்கவில்லை. கலியாணப் பேச்சு முற்றான அன்றே கேட்டார்:

"என்ன மச்சான், கப்பலுக்குக் கீல் பூசின கையாலையோ தாலி கட்டப் போறீர்?"

"ஓம் மச்சான்," என்றேன். "கீல் பூசின கை ஒட்டினா ஒட்டினதுதான். பேனை பிடிச்ச கை மாதிரி வழுக்காது."

பெண்டுகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பூரணமும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அந்த வீட்டின் பின்வேலியை நான் அடுத்த மாரியில் புதிதாக அடைத்துக் கொடுத்தேன். கிளுவைக் கதியாலை வெட்டி ஊன்றி மிதித்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். நான் கப்பலேறும்போது ஒவ்வொரு தடியிலும் துளிர். நம்முடைய மண் அப்படி. செத்த தடியைக் கொடுத்தாலும் பிள்ளையைப்போல் வாங்கிக்கொள்ளும். "உனக்கு மாடியும் டெக்கும் வைத்த வீடு கட்டி வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவன்" என்று தமையன் காதில் விழும்படி அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னதைச் செய்தேன். மாடி வைத்த இந்த வீட்டை வாங்கினேன். என்னிலும் வயது கூடிய வீடு. இந்த ஊரில் முன்கதவு பேருக்குத்தான். எல்லோரும் பின்புறத்துச் சமையலறைக் கதவாலேதான் வருவார்கள் போவார்கள். அந்தக் கதவுக்கு வெளியே பலகைத் தளம் ஒன்று. இந்த ஊர்க்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். எனக்கு அது டெக்தான். வாங்கியபோது பலகைக்குப் பலகை ஆணித் தடிப்புக்கு நீக்கல் விட்டிருந்தது. குனிந்து பார்த்தால் கீழே மண் தெரிந்தது. எவனோ வேலை தெரியாதவன் செய்தது என்று எண்ணினேன். பூரணம் வருகிற வீட்டில் கீறல் விழுந்த வாசலா? கோடை முழுவதும் இருந்து சணலும் கீலும் வைத்து அடைத்தேன். வேலிக்கு அப்பால் இருக்கும் அங்கஸ் என்ற கிழவர், பழைய மீன்பிடிகாரர், புகைக்கிற சுங்கானைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பலகைக்கு மூச்சுவிட இடம் வேணும்" என்றார் தம்முடைய பாஷையில்.

"செத்த மரத்துக்கு என்ன மூச்சு?" என்றேன். "நான் அடைத்த டெக்கில் ஒரு சொட்டு ஒழுகாது."

"அதுதான் சொல்கிறேன்" என்றார்.

மனிதர் என்னைப் பாராட்டுகிறார் என்றே நினைத்து, தலையைக் குனிந்து நன்றி சொன்னேன்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஆட்களை ஏற்றத் தொடங்கியதும் பூரணம் வந்தாள். அப்போது இங்கே இலைகள் சிவக்கிற காலம். வந்து இறங்கிய மறுநாட் காலையே எழும்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பில் தண்ணீர் எடுத்து, கதவைத் திறந்து டெக்கில் தெளித்தாள். முற்றம் தெளிக்காமல் அவள் வீட்டில் அடுப்பு மூட்டியதில்லை. முற்றம் இல்லாத இடத்தில் டெக்தான் முற்றம். நான் அடுப்பண்டை நின்று அந்தத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு! அன்றைக்குத்தான் இது வீடு என்று எனக்குப் பட்டது.

அங்கஸ் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் வேலியடியில் என்னை மறித்து, குளிர் வருமுன் இந்தத் தண்ணீர் வேலையை நிறுத்தச் சொல் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி வாசல் தெளிப்பதை இவர் யார் கேட்க? உறைபனிக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்பதும் என் கணக்கு. "அது எங்கள் சமயம். கடவுளுக்குச் செய்வது" என்று கொஞ்சம் பெருப்பித்தே சொன்னேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார். மன்னிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. பூரணம் செம்போடு வெளியே வரும் நேரம் வேலிக்கு அப்பால் நின்றால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "அந்த அப்பு நல்ல மரியாதை தெரிஞ்ச மனுசன்" என்பாள் அவள்.

உறைபனி அந்த வருடம் முந்திக்கொண்டு வந்தது. நான் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது, தண்ணீர் விழுந்தது. முதல் நாள் தெளித்ததும் இரவு மழையும் போக வழியில்லாமல் என் டெக்கில் அப்படியே நின்று கண்ணாடியாக இறுகிக் கிடந்திருக்கிறது. அதன் மேல் இந்தத் தண்ணீர். செம்பு உருண்டு படியில் இறங்குகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகுதான் அவளுடைய குரல். நான் ஓடிப் போனபோது, அங்கஸ் வேலியைத் தாண்டி ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பனிக்கட்டி முன்பே தெரிந்திருக்கிறது. கும்பிடுகிற பெண்ணை மறிக்கக் கூடாதென்று தொப்பியோடு நின்றிருக்கிறார். அவளைத் தூக்கும்போது அந்தக் கிழவர் அழுதார். என் கலப்பற்றில் ஒரு பிழையுமில்லை. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பொருத்தினார்கள், பொருந்தியது. ஆனால் மாரி முழுவதும் அவள் அந்தக் கதவின் பக்கம் போகவில்லை. யன்னலோரம் இருந்து வெள்ளையைப் பார்ப்பாள். நான் ஊர்ப் புதினம் சொல்வேன், இரால் வாங்கி வந்து உறைக்க உறைக்கச் சமைப்பேன், அங்கஸ் தொப்பியைத் தடவுவது மாதிரி நடித்துக் காட்டுவேன். சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடி யன்னல். பனி கரையத் தொடங்கிய ஒரு நாள் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, என்னை ஊருக்கு அனுப்பி விடுங்கோ."

"கால் நல்லாச் சுகமாகட்டும். எல்லாம் சரிவரும்."

"கால் இல்லையப்பா. எனக்குக் கதவைத் திறக்கப் பயமாக் கிடக்கு. கதவைத் திறக்கப் பயந்த பொம்பிளை ஒரு வீட்டிலை இருந்து என்ன செய்யிறது?"

"டெக்கைப் பிரிச்சு வேறை மாதிரிச் செய்யிறன்."

"செய்யுங்கோ. ஆனா நீங்களும் வாங்கோவன். எனக்கு மாடியும் டெக்கும் வேண்டாம்."

"வந்து? உன்ரை கொண்ணருக்கு முன்னாலை என்னத்தைச் சொல்லிக்கொண்டு நிக்கிறது?"

யன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்ப இவ்வளவு காலமும் அண்ணைக்காகத்தான் இஞ்சை இருந்தனீங்களோ?"

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய்விட்டேன். வேலியிலும் வேலை இருந்தது. இந்த நாட்டில் மண் உறையும்போது வீங்குகிறது. வீங்கி, ஊன்றிய கம்பை ஈறு பல்லைத் தள்ளுவதுபோல் மேலே தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் கம்புகள் குடித்தவன் மாதிரிச் சாய்ந்து நிற்கும். அடித்து இறக்கினால் அடுத்த மாரியில் மறுபடி வெளியே வரும். குளிர் எட்டாத ஆழத்துக்கு, நெஞ்சளவு கிடங்கு வெட்டி, அடியில் சல்லிக்கல் போட்டு நட்டால்தான் நிற்கும் என்று அங்கஸ் சொன்னார். நெஞ்சளவு! நம்மூரில் இரண்டு சாண் போதும், தடி தானாகப் பிடித்துக்கொள்ளும். ஊரிலே அந்த ஆழத்துக்கு ஆளைப் புதைக்கத்தான் வெட்டுவார்கள்.

அந்தக் கோடையில் அவள் கப்பலேறினாள். செம்பை விட்டுவிட்டுப் போனாள். மறந்தாளோ, வேண்டுமென்றோ, நான் கேட்கவில்லை. தமையன் துறைமுகத்துக்கு வந்து கூட்டிப் போயிருப்பார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். எந்தக் குரலில் என்பதும் தெரியும். நான் போகவில்லை. யுத்தத்துக்கு வந்த பட்டாளம் போன பிறகு இந்தத் துறைமுகத்தில் பழைய வீட்டை வாங்க ஆளில்லை; விட்டுவிட்டுப் போனால் இரண்டு மாரியில் இது விறகு. ஆட்கள் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். பொய்யுமில்லை.

இங்கே வரப்போகிற நம்மவர்களுக்குச் சொல்கிறேன். பலகைக்குப் பலகை ஆணித் தடிப்பு இடைவெளி விடுங்கள். கீல் பூசாதீர்கள், இலை உதிருமுன் ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து ஊறவிடுங்கள். கறையான் இங்கே இல்லை, தண்ணீர்தான் கறையான். கம்பை நெஞ்சளவு ஆழத்தில் நடுங்கள். நான் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். இறுக்கிய சணலை ஒவ்வோர் இழையாக உளியால் கிளறி எடுத்தேன். என்னுடைய டெக்கையும் வேலியையும் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். கொழும்பில் வெள்ளைக்காரன் கொடி இறங்கப் போகிறதென்று கதைக்கிறார்களாம். வெள்ளவத்தை வேலியில் என் கிளுவை இப்போது மரமாகியிருக்கும், கொப்பு வெட்ட ஆள் பிடிக்க வேண்டியிருக்கும்.

காலையில் பனியை வழித்து முடித்தபின் அந்தச் செம்பில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன். அங்கஸ் வேலிக்கு அப்பால் தொப்பியைக் கழற்றுகிறார். நான் தெளிக்கிறேன். தண்ணீர் பலகையில் விழுகிறது, நீக்கலைத் தேடிப் போகிறது, வீட்டுக்கு அடியில் இருட்டுக்குள் இறங்கிவிடுகிறது. வாசல் காய்ந்தே கிடக்கிறது. அவ்வளவு சுத்தமான வேலை. ஒரு சொட்டும் நிற்பதில்லை.