என் தோல்வியை நானே சொல்லிக்கொடுத்த கதை

உங்களுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னபோது, உங்கள் மேசையின் பின்கால் ஒன்று குட்டை என்று நான் பதில் சொன்னேன். தச்சனுக்கு வைத்தியம் பார்ப்பது சுலபமல்ல. குளிசை எழுதித் தந்தார். தினமும் வெளியே போய் யாருடனாவது உட்காரச் சொன்னார்.

அப்போது என் பட்டறையில் எங்கள் தெரு நிஷ்மியாவின் கல்யாண அலுமாரி நின்றது. நாவுலையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டியது. லாச்சி, அதாவது இழுப்பறை மட்டுந்தான் பாக்கி. அது ஒரு பக்கம் லேசாக இறுகியது. சீவினேன். மறுபக்கம் இறுகியது. அதையும் சீவினேன். கடைசியில் லாச்சி உள்ளே போகவில்லை, உள்ளே விழுந்தது.

பட்டறையைப் பூட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். படுத்தபடியே எல்லாவற்றையும் கண்டேன்: மாப்பிள்ளையின் உம்மா லாச்சியை இழுப்பார், அது ஆடும், "இதுவா மாத்தளை தச்சு பாஸுட வேலை?" என்பார், நிஷ்மியா அழுவாள், அதற்குப் பிறகு ஒரு ஸ்டூல் செய்யக்கூட யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள். அரை நூல் பிசகாத கணக்கு.

"வேற பாஸப் பாருங்கன்னு சொல்லிடவா?" என்று மனைவி ஸுலைஹாவிடம் கேட்டேன்.

"முதல்ல டாக்டர் சொன்னதச் செய்யுங்க. கிறிஸ்தோபர்ட சலூனுக்குப் போய் இருங்க. தலையில மைனா கூடு கட்டப்போவுது."

சலூனில் ஆள் இல்லாத நேரம் கிறிஸ்தோபர் செஸ் ஆடுவார். அங்கே ஒரே சட்டம், தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். ஆகவே நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"மக்கீன் நானா, நேத்து ஷேவ் எடுத்துட்டுப் போன ஆளுக்குத் தாடி முளைச்சு திரும்பியும் வரப்போறாரு. ஏதாச்சும் ஒண்ணத் தொடுங்க."

குளிசை தூக்கம் தந்தது. செஸ், சட்டை மாட்ட ஒரு காரணம் தந்தது. அலுமாரி அப்படியே நிற்க, கல்யாணம் நெருங்கியது.

ஒரு நாள் பலகையில் எனக்கு வழியே தெரியவில்லை. "தோத்துட்டேன்" என்று எழுந்தேன். அலுமாரியையும் கைவிட்டேன் என்று நிஷ்மியா வீட்டுக்கு இன்றே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"எப்படித் தோத்தீங்க?"

உட்கார்ந்து விளக்கினேன். அவருடைய குதிரை இங்கே பாயும், என் ராணி ஒதுங்கும், கோட்டை இறங்கும், ராஜா மூலையில் மாட்டுவார்.

கிறிஸ்தோபர் வாயைப் பிளந்தார். "ஐயோ நானா, இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சிப்பாய ஒரு கட்டம் தள்ளிட்டு டீ குடிக்கலாம்னு இருந்தேன்."

"அப்ப தள்ளுங்க."

"அது எப்படி? இப்பத்தான் சொல்லித் தந்துட்டீங்களே!"

நான் சொன்ன அதே வரிசையில் என்னைத் தோற்கடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எப்போது கடைசியாகச் சிரித்தேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளையின் உம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவருக்கான வசனம் முழுவதையும் எழுதியவன் நான்.

பட்டறையைத் திறந்து, லாச்சியின் இரண்டு பக்கமும் மெல்லிய மரப்பட்டி ஒட்டினேன்.

"சீவுளி எங்க?"

"குசினியில அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் ஸுலைஹா. "பசை காயட்டும்."

நாவுலையில் லொறியிலிருந்து இறக்கியதும் மாப்பிள்ளையின் உம்மா நேரே லாச்சியைத்தான் இழுத்தார். அது லேசாக ஆடியது.

"நல்லா லேசாத் திறக்குதே," என்றார். "எங்கட பழைய அலுமாரிய உதைச்சாத்தான் திறக்கும். மத்த அறைக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க."

திரும்பும் பஸ்ஸிலேயே அந்த இரண்டாவது அலுமாரி எங்கெங்கே பிசகும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஆனாலும் அறையை அளந்துகொண்டுதான் வந்திருந்தேன்.