நண்டுக்குழம்புக் கறை

பல வருசத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து வந்திருந்த என் தம்பி, திரும்பிப் போகும் அன்று மத்தியானம் நண்டுக்குழம்பைத் தன் வெள்ளைச் சேர்ட்டில் கொட்டிக்கொண்டான். வெள்ளவத்தையிலுள்ள எங்கள் பிளாட்டுக்கு விமான நிலைய வான் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

அம்மா சேர்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் கறை சிவந்துபோனது. பதறிப்போய்த் தேசிக்காய் பிழிந்து தேய்த்தார். சிவப்பு மறுபடியும் மஞ்சளானதே தவிர, கறை போகவில்லை.

"அம்மா, அது கிடக்கட்டும். வந்து என்னோட இருங்கோ," என்று தம்பி கூப்பிட்டான்.

"பொறு ராசா, காய்ஞ்சால் பிறகு போகாது."

அவன் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தான். ஆனால் கண் முழுக்கப் பாத்ரூம் பக்கமே இருந்தது. வான் வந்து ஹோர்ன் அடித்த பிறகுதான் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். வேறு சேர்ட்டோடு அவன் படியிறங்கிப் போனான்.

கறையோடேயே அந்தச் சேர்ட்டைப் பல்கனியில் காயப்போட்டோம். மஞ்சளை வெயில் தானாகவே எடுத்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் அடையாளமே இல்லை.

அம்மா அதைக் கொடியிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தார். "சும்மா வெயிலில போட்டுட்டு, பிள்ளையோட இருந்திருக்கலாம்," என்றார்.

அடுத்த முறை தம்பி வந்தது அம்மாவின் செத்தவீட்டுக்குத்தான்.