நிறுத்தினதால வந்த நோவு

குடிகாரன் பொண்டாட்டிக்கு வைத்தியம் சொல்லாத ஆளு சேக்காட்டுல ஒருத்தர் கிடையாது. மளிகைக் கடைக்காரர் சொல்லுவாரு, பால்காரம்மா சொல்லுவாங்க, ரயிலுக்கு நிக்கிற எடத்துல முன்னபின்ன தெரியாதவகூட சொல்லுவா. குழம்புல இந்தப் பொடியக் கலந்து ஊத்து. ரெண்டு நாளு சோறு போடாத. தாலியக் கழட்டி மூஞ்சில வீசு. கற்பூரத்த அணைச்சு சத்தியம் வாங்கு. தாலிய வீசறது ஒண்ணத் தவிர எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன். சத்தியமெல்லாம் அவரும் தாராளமாத்தான் பண்ணாரு. குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?

எங்க ஊட்டுக்காரர் அம்பத்தூர்ல ஒரு பட்டறையில கடைசல் வேலை பாத்தாரு. அவங்க அப்பா வரைக்கும் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்ட குடும்பம். இவருதான் மொதமொதல்ல மெஷினு முன்னாடி நின்னவரு. குடிப் பழக்கம் மதுவிலக்கு இருந்தப்பவே வந்துடுச்சு. அப்ப சாராயம் ஒளிஞ்சு மறைஞ்சுதான் கெடைக்கும். அதுவும் கெடைக்காதவங்க மரத்துக்குப் பூசற வார்னிஷத் தெளிய வச்சுக் குடிப்பாங்க. அந்தக் கண்ராவியையும் குடிச்சிருக்காரு. அப்புறம் எழுபதுக்கு மேல கவர்மெண்டே கடையத் தொறந்துடுச்சு. வேலை விட்டு வர்ற வழியிலேயே கடை. கேக்கணுமா?

அடிக்கிற ஆம்பளையா இருந்தாக்கூட கோவப்பட்டுக் கத்தியாவது தீத்திருப்பேன். இவரு கை ஓங்க மாட்டாரு. குடிச்சுட்டு வந்து மூலையில குந்திக்கினு, "தப்புதான், மன்னிச்சுக்கோ"ன்னு அழுவாரு. மறுநாளும் அதே மூலை, அதே அழுகை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. அவரு அழ அழ நான் பாட்டுக்குப் பாத்திரம் வெளக்கிக்கினு இருப்பேன்.

ஒரு ஆடி மாசம் எங்க தெரு அம்மனுக்குத் தீமிதி வச்சாங்க. தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிறவங்களுக்குப் பூசாரி மணிக்கட்டுல மஞ்சக் காப்புக் கட்டுவாரு. கட்டினா பத்து நாளைக்குக் கோயில்லதான் படுக்கை. கவிச்சி கூடாது, குடி கூடாது. எல்லாத்துக்கும் மேல, ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. தாண்டினா ஆத்தா தூக்கிக்குவான்னு பேச்சு. இவருக்குக் காப்புக் கட்டிவுடலாம்னு என் மாமியார்தான் ஆரம்பிச்சாங்க.

"பொடிக்கும் அடங்கல, சத்தியத்துக்கும் அடங்கல. ஆத்தா கையில உட்டுடலாம்மே. அவ பாத்துக்குவா"ன்னாங்க.

தெருவே சரின்னுச்சு. அவரும் மறுபேச்சு பேசாம கைய நீட்டினாரு. பூசாரி கட்டும்போது கூட்டத்துல என்னத் தேடிப் பாத்து, "இந்த வாட்டி உட்டுர்றேன்"னாரு. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஏமாந்தவளுக்குச் சரின்னு தலையாட்டக்கூடத் தெம்பு இல்ல.

ஆனா நெஜமாவே உட்டாரு. சொட்டுக்கூடத் தொடல. மொத நாளு சும்மா இருந்தாரு. ரெண்டாம் நாளு வேர்வை ஊத்திச்சு, சோறு எறங்கல, தூக்கம் இல்ல. வெரதத்துல ஒடம்பு சுத்தமாவுதுன்னு மாமியாருக்கு ஒரே பூரிப்பு. மூணாம் நாளு காலையில நான் டீ கொண்டுபோனேன். டம்ளரப் பிடிக்க முடியல. ரெண்டு கையாலயும் பிடிச்சும் பாதி டீ வேட்டி மேல கொட்டிச்சு. இன்னா செய்யுதுன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீ போ"ன்னு சொல்லிட்டு எனக்குப் பின்னால யாரையோ பாத்தாரு. அங்க யாரும் இல்ல.

அன்னிக்குக் கோயில்ல கூழு ஊத்தறாங்க. பம்பை அடிக்க ஆரம்பிச்சதும் இவருக்கு ஒடம்பெல்லாம் உதற ஆரம்பிச்சுச்சு. கண்ணு நெலகுத்தி நிக்குது. ரெண்டு கையையும் தட்டித் தட்டி, "எறும்பு, எறும்பு"ன்னு கத்தறாரு. அவ்வளவுதான். "ஆத்தா வந்துட்டாடோய்!"னு ஒருத்தன் கூவினான். மஞ்சத் தண்ணிய மொண்டு மொண்டு தலையில ஊத்தினாங்க. வாயில வேப்பிலையத் திணிச்சாங்க. பம்பைக்காரங்க இன்னும் ஓங்கி அடிச்சாங்க. எறும்புன்னதுக்குப் பூசாரி அர்த்தம் சொன்னாரு: "புத்துக்குப் பால் ஊத்தச் சொல்றா ஆத்தா." சொம்புல பாலோட ரெண்டு பேரு ஓடினாங்க.

எதிர் வூட்டுக்காரம்மா அவரு கால்ல வுழுந்து, "தாயே, எம்பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?"னு குறி கேட்டாங்க. அவரு அந்தம்மாவப் பாக்கவே இல்ல. "கதவத் தொற, பொகையுது, கதவத் தொற"ன்னு அழுதாரு. வழி தொறக்குதாம், தைக்குள்ள முடிஞ்சுடுமாம். பூசாரி சொல்லிட்டாரு. அந்தம்மா கன்னத்துல போட்டுக்கினாங்க. மூணு நாளு முன்னாடி வரைக்கும் இதே பொம்பள அவரக் கண்டா மூக்கப் பொத்திக்கினு போவாங்க. நான் தூணைப் பிடிச்சுக்கினு நின்னேன். அவரு அழறது எனக்குத் தெரியாதா? அது சாமி அழற அழுகை இல்ல. பயந்து போன மனுஷன் அழற அழுகை.

அப்புறம் தடால்னு வுழுந்தாரு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. வாயில நொர. பம்பை நின்னுபோச்சு. சுத்தி நின்னவங்க பத்தடி பின்னால போனாங்க.

"திருட்டுத்தனமாக் குடிச்சிருக்கான். ஆத்தா அடிச்சுட்டா"ன்னாரு பூசாரி.

அட, அக்கிரமத்தக் கேளுங்க! கால்ல வுழுந்த அதே வாயிங்கதான், "காப்பக் கட்டிக்கினு குடிச்ச பாவி"ன்னுச்சு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள சாமி பாவியாயிட்டாரு. நான் போயி அவரு தலைய மடியில வச்சு வாய மோந்து பாத்தேன். வருஷக்கணக்கா மோந்து பழகின மூக்கு இது, ஏமாறாது. வேப்பிலை வாசன மட்டுந்தான் அடிச்சுச்சு.

"இவரு குடிக்கல. ஒரு ரிக்ஷா கூப்பிடுங்கய்யா"ன்னு கத்தினேன். ஒருத்தரும் அசையல. எல்லையத் தாண்டற பாவத்துக்கு எவன் துணை வருவான்? நானே போயி மொனையிலேந்து ஒரு சைக்கிள் ரிக்ஷாவக் கூட்டியாந்தேன். அவர அள்ளிப் போட்டுக் கெளம்பினா மாமியார் ரிக்ஷாவுக்கு முன்னாடி வந்து நிக்கறாங்க. "கையில காப்பு கீதுமே. எல்லை தாண்டினா எம்புள்ளைய ஆத்தா உடமாட்டா"ன்னு மாருல அடிச்சுக்கறாங்க. பாவம், அவங்களும் புள்ள பொழைக்கணும்னுதான் அழுதாங்க.

"அத்த, ஆத்தாவுக்குக் கோவம்னா என்னத் தூக்கிக்கட்டும். நவுருங்க"ன்னேன்.

நவுந்தாங்க. நவுந்து, முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த விபூதிய எடுத்து ரிக்ஷா சக்கரத்துல பூசினாங்க.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்துச்சு. வாசல்ல இருந்த கம்பவுண்டர் ஒரு பார்வ பாத்தாரு. மஞ்சத் தண்ணியில நனைஞ்ச வேட்டி, நொர, வேப்பிலை. "குடிகாரனா? வராண்டாவுல போடு. தெளிஞ்சா தானா எழுந்து போவான். நல்ல நோயாளிக்கே இங்க கட்டில் இல்ல"ன்னாரு. மூணு நாளா குடிக்கலன்னு சொன்னேன். "எல்லாப் பொண்டாட்டியும் இப்பிடித்தான் சொல்லும்"னு சிரிச்சாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரு மேசையையே கவுத்திருப்பேன். தெம்பு இல்ல. சிமெண்டுத் தரையில அவரு பக்கத்துலயே குந்திட்டேன்.

அந்த வழியா ஒரு சிஸ்டர் வந்தாங்க. நாப்பது வயசு இருக்கும், நாகர்கோயில் பக்கத்துப் பேச்சு. மண்டி போட்டு உக்காந்து அவரு கண்ணு ரெப்பையத் தூக்கிப் பாத்தாங்க. நாடி பிடிச்சாங்க. என்னப் பாத்து, "கடைசியா எப்பம்மா குடிச்சாரு?"ன்னு கேட்டாங்க. ஏன் குடிச்சாருன்னு ஊரே கேட்டிருக்கு. எப்ப நிறுத்தினாருன்னு கேட்ட மொத ஆளு அவங்கதான். சொன்னேன். டாக்டரக் கூப்பிட ஆளு அனுப்பிட்டு எங்கிட்டத் திரும்பினாங்க.

"இது குடிச்சதால வந்தது இல்லம்மா, நிறுத்தினதால வந்த நோவு. தெனம் ஊத்திப் பழகின ஒடம்பு. ஒரே நாள்ல அத்துவிட்டா தாங்காது பாத்துக்கிடுங்க. ஆளையே கொண்டு போயிரும்."

எனக்குச் சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியல. நிறுத்து நிறுத்துன்னு நாங்க எல்லாரும் சேந்து கழுத்தப் பிடிச்சோம். மனுஷன் ஒருவாட்டி சொன்ன பேச்சக் கேட்டு நிறுத்தினாரு. அதுதான் அவரக் கொல்லப் பாத்துச்சு.

டாக்டர் வந்து ஊசி போட்டாரு, குளுக்கோஸ் ஏத்தினாங்க. முழிப்பு வந்ததும் மறுபடியும் எறும்புன்னு கத்த ஆரம்பிச்சாரு. வார்டு ஆளு கையக் கட்டில்ல கட்ட கயித்தோட வந்தான். சிஸ்டர் வேணாம்னுட்டாங்க. பக்கத்துல உக்காந்து, "எங்க ஐயா எறும்பு? இங்கயா? காட்டுங்க"ன்னு கேட்டு, அவரு காட்டின எடத்தையெல்லாம் தன் கையால மெள்ளத் தொடச்சு வுட்டாங்க. "போயிருச்சு ஐயா. வேற எங்க?" அவரும் காட்டிக்கினே இருந்தாரு, அவங்களும் தொடச்சுக்கினே இருந்தாங்க. மத்த நோயாளிங்க சிரிச்சாங்க. அவரு மெள்ள மெள்ள அடங்கித் தூங்கிட்டாரு. அப்பதான் நான் அழுதேன். எங்க ஊட்டுக்காரர ஐயான்னு ஒருத்தர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல.

ஒரு வாரம் கழிச்சு ஊட்டுக்குப் போகலாம்னாங்க. கெளம்பும்போது சிஸ்டர் அவருகிட்ட, "மறுபடியும் குடிக்கத் தோணும். குடிச்சுட்டாலும் வெக்கப்படாம இங்க வாங்க. நிறுத்தணும்னா நம்மகிட்ட வந்து நிறுத்துங்க, தானா நிறுத்தாதீங்க"ன்னாங்க. அவரு தலையக் குனிஞ்சு கேட்டுக்கினாரு.

தெரு அவர மன்னிக்கல. ஆத்தாவையே ஏமாத்தினவன்னு பேரு வச்சுடுச்சு. ஊரு வாய மூட உலமூடி ஏது? அவரு தலை நிமிந்து போன ஒரே எடம் அந்த ஆஸ்பத்திரிதான். வேலை முடிஞ்சு ஆவடியில பஸ் ஏறி சிஸ்டரப் பாக்கப் போவாரு. மருந்து வாங்கிக்குவாரு, கொஞ்ச நேரம் பெஞ்சுல உக்காந்திருப்பாரு, வந்துடுவாரு. மாசக்கணக்கா தொடாம இருந்தாரு. நடுவுல ரெண்டு மூணு தடவ சறுக்கினாரு. சறுக்கினப்ப குடிச்ச வாயோடவே போனாரு. திட்டினாங்களான்னு கேட்டேன். "டீ வாங்கிக் குடுத்தாங்க"ன்னாரு. எனக்கு அந்தப் பொறுமை கெடையாது. நான் திட்டினேன். எனக்கும் சேத்து அவங்க பொறுத்துக்கினாங்கன்னு நெனச்சுக்குவேன்.

அப்புறம் சிஸ்டரோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு அவங்க ஊரோட போயிட்டாங்க. அதுக்கப்புறம் இவரு பூந்தமல்லிப் பக்கம் போறதக் கொறச்சாரு. கொறைய கொறைய, சாயங்காலம் கடையில நிக்கறது ஜாஸ்தியாச்சு. பழைய மூலை, பழைய அழுகை. நானும் பழையபடி பாத்திரம் வெளக்கினேன்.

அந்தச் சமயத்துலதான் சாராயக் கடையெல்லாம் மூடறாங்கன்னு செய்தி வந்துச்சு. பொம்பளைங்க நாங்க தெருவுல சக்கரைப் பொங்கல் வச்சோம். இவருக்குத் திருட்டுச் சாராயம் தேடிப் போக மனசில்ல. "கடையே இல்ல, இதான் சாக்கு. உட்டுர்றேன்"னாரு. ரெண்டு நாள்ல கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. இந்த வாட்டி அது இன்னான்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்னேன். எங்க மூத்த பையனுக்கு அம்மை போட்டிருந்துச்சு, அவன உட்டுட்டு வர வேணாம்னுட்டாரு. தொவைச்ச சட்டை போட்டுக்கினு தனியா பஸ் ஏறிப் போனாரு.

சாயங்காலம் ஒரு பொட்டலத்தோட திரும்பி வந்தாரு. ஏன் ஆஸ்பத்திரியில சேத்துக்கலன்னு கேட்டேன்.

"வாசல்ல அந்தக் கம்பவுண்டர் நின்னுகினு இருந்தாரு. 'இன்னாய்யா ஒனக்கு?'ன்னு கேட்டாரு. சுத்தி ஜனங்க. எனக்கு வாய் வரல. வயித்து வலின்னு சொல்லிட்டேன்."

"பாவி மனுஷா, உண்மையச் சொல்லக் கூடாதா?"

"அவரு மொகத்தப் பாத்ததும் முடியல"ன்னாரு. விடியட்டும், நானே இழுத்துக்கினு போறேன்னு சொன்னேன். சரின்னாரு.

பொட்டலத்துல வயித்து வலி மாத்திர இருந்துச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடச் சொன்னாங்களாம். டம்ளர நான் பிடிச்சுக்கினேன், அவரு ஒழுங்கா ஒண்ணு போட்டுக்கினாரு. வயித்துல அவருக்கு ஒரு நோவும் இல்ல. விடியறதுக்கு முன்னாடி இழுப்பு வந்து போயிட்டாரு.