மூட்டைக்குக் கட்டிய வேன்

திண்டிவனத்தில் முப்பது வருஷமாக லாரிக்கு பாடி கட்டுகிறேன். பைபாஸில் போகிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே, அது நான் கட்டியதா வேறு யாராவது சொதப்பியதா என்று சொல்லிவிடுவேன். இதைத் தற்பெருமை என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு லடாக் வரைக்கும் போகிறார்கள். வானூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படிப்பட்ட வண்டியைக் கதவு ரிப்பேருக்காகப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஏறிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் பிளைவுட், பசை, சின்னச் சின்ன ஆணி. இதை நம்பியா மலை ஏறுகிறார்கள்? எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆசையும் வந்தது. அன்றைக்கே என் மனைவியிடம், "நம்மளும் ஒண்ணு கட்டிக்கினு பனி பாக்கப் போலாமா?" என்று கேட்டேன்.

அவளுக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. பயணம் போகலாம், ஆனால் உடம்பு குலுங்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது.

"ஒரு தபா விழுப்புரம் வரைக்கும் வந்து பாக்கறேன். முதுகு வலிக்கலன்னா லடாக்குக்கும் வர்றேன். வலிச்சா நீங்க மட்டும் போய்க்கினு வாங்க" என்றாள்.

அவள் இல்லாமல் பனியைப் பார்த்து நான் என்ன செய்ய? பக்கத்தில் நின்று வியக்க ஆள் வேண்டாமா?

பழைய டெம்போ வேன் ஒன்றைப் பிடித்து நாலு மாதம் உழைத்தேன். தேக்கில் கட்டில், அடுப்புக்கு இரும்புக் கூண்டு, கூரைமேல் சோலார் பலகை, தலைமாட்டில் துணி வைக்க ஒரு அலமாரி. ஒரு கதவுகூடக் கடகடக்கவில்லை. கடைசியில், எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லா வண்டிக்கும் செய்வதுபோல, பாரம் தாங்குவதற்காகப் பின் அச்சில் மூன்று ஸ்பிரிங் பட்டை கூடுதலாக ஏற்றினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சீசனில் எங்கள் ஊரில் யார் அளவோடு மூட்டை ஏற்றுகிறார்கள்? பட்டை ஏற்றாமல் வண்டியை வெளியே விட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். அவள் பின்னால் கட்டிலில் படுத்திருந்தாள். நான் பாட்டைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி ஓட்டினேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் பேச்சுக் குரல் இல்லை. தூங்குகிறாள், நம் வேலை அப்படி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தால், அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாம்மா, ஒரு குரல் குடுத்திருக்கலாம் இல்ல?"

"குடுத்தேன். பாட்டு சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரோடு அப்பிடி. என் பாடி மேல ஒரு கொறையும் கிடையாது" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன். முன்னாடி அவ்ளோ குலுக்காது. நீங்க பின்னாடி படுங்க."

பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் தானே கார் ஓட்டிப் போன டீச்சர் அவள். சாவியைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

முதல் வேகத்தடையில் நான் கட்டிலை விட்டு எழும்பினேன். இரண்டாவதில் தலைமாட்டு அலமாரியில் போய் முட்டினேன். நான் செய்த அலமாரி, அசையவே இல்லை. "யம்மா, மெதுவாப் போ!" என்று கத்தினேன்.

"முப்பதுலதான் போறேன். ரோடு அப்பிடி" என்றாள்.

கூட்டேரிப்பட்டு வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ரெண்டு டன் மூட்டை ஏறினால்தான் அந்தப் பட்டைகள் அமுங்கும். ஒரு மனுஷி படுத்தால் அவை அவளைத் தூக்கித்தான் எறியும். முப்பது வருஷத்தில் நான் கட்டிய எந்த வண்டியின் பின்னாலும் நான் ஏறிப் போனதில்லை. அறுப்புக்குப் போகிற ஆட்கள் அதே வண்டிகளில் நின்றுகொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "தப்பு என்னுதுதான்" என்றேன்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, என் நெற்றியில் இருந்த புடைப்பைத் தடவிக் கொடுத்தாள். இன்னொரு தபா வந்து பார்க்கவும் சம்மதித்தாள்.

மறுநாள் பட்டைகளைக் கழற்றினேன். "மொதலாளி, பட்டையக் கழட்டறதா?" என்று பட்டறையே வேடிக்கை பார்த்தது. ஏற்றிய மூன்றோடு பழையதில் ஒன்றையும் எடுத்து, புது ஷாக் அப்சார்பர் மாட்டினேன். நானே பின்னால் படுத்து, வெல்டரை ஓட்டச் சொல்லி இரண்டு நாள் சோதித்தேன்.

பிறகு அவளைப் படுக்க வைத்து, வேண்டுமென்றே காணை கிராமத்துப் பக்கம் மோசமான ரோடாகப் பார்த்து ஓட்டினேன். பாதி வழியில் "வலிக்குதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அதற்கும் இல்லை. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு புரண்டு புரண்டு படுக்காமல் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். கதவைச் சாத்தினால் சத்தத்தில் எழுந்துவிடுவாள் என்று அப்படியே நின்றேன். பின்னால் கரும்பு டிராக்டர் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. யாரிடமும் பணிந்து பழக்கமில்லாத நான், அந்த டிரைவரை இரண்டு கையாலும் கும்பிட்டு, சத்தம் போடாமல் ஒதுங்கிப் போகும்படி ஜாடை காட்டினேன்.