காதை மூடிய ஹெட்போன்

விருத்தாசலத்தில் கல்யாணமாகாதவனுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு ஒரு மாடி கிடைத்ததற்குக் காரணம், அங்கே எந்தக் குடும்பமும் தங்கியதில்லை என்பதுதான். கீழே வீட்டுக்காரர் குடியிருந்தார். ஒட்டினாற்போல் அவருடைய பீங்கான் ஷெட். அதில் களிமண் அரைக்கும் பெரிய உருளை ஒன்று பகலெல்லாம் கடகடவென்று சுற்றும். என் தட்டில் இருக்கும் தோசைகூட லேசாக நடுங்கும்.

அந்தச் சமயத்தில்தான் பாட்காஸ்ட் ஆசை பிடித்தது. வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசி இணையத்தில் ஏற்றியிருந்ததை பிரவுசிங் சென்டரில் கேட்டேன். அரை மணி நேரமும் அவர் வீட்டுப் பூனையைப் பற்றித்தான். பூனைக்கே இவ்வளவு என்றால் என் வீட்டுக்காரரைப் பற்றி எவ்வளவு பேசலாம்! நான் தலைக்கு சோப்பு போட்டு முடிக்கும் நொடியில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துகிற மனிதர் அவர். விஷயம் தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் அவருக்கும் இணையத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது என்ற தைரியம்.

முதலில் மைக் செட் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் மைக் என்றால் அங்கேதான். கடைக்காரர் ஒரு மைக்கை ஊதி, இரண்டு தட்டு தட்டி, என் கையில் கொடுத்தார்.

"காதுகுத்தா, கட்சிக் கூட்டமாங்க?"

"நான் மட்டும் தனியா பேசணுங்க."

"எதிர்ல எத்தினி பேரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

கடைசியில் கம்ப்யூட்டர் கடையில் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று வாங்கினேன். ஹெட்போன் இரண்டு வகை இருந்தது. ஒன்று காதின் மேல் பட்டும் படாமலும் உட்காரும். இன்னொன்று தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போல் காதையே மூடிவிடும். "இதப் போட்டா பக்கத்துல இடி வுழுந்தாலும் கேக்காதுங்க" என்றார் கடைக்காரர். உருளையை நினைத்துக்கொண்டு அதையே எடுத்தேன்.

எனக்குத்தான் உருளை கேட்கவில்லை. மைக்குக்கு நன்றாகக் கேட்டது. முதல் பதிவில் என் குரல் களிமண்ணோடு சேர்ந்து அரைபட்டிருந்தது. அப்புறம்தான் யோசனை வந்தது. தினமும் மதியம் கரண்டு போகும், உருளை நிற்கும். என் பழைய லேப்டாப்பின் பேட்டரி அரை மணி தாங்கும். ஊரே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் அதற்காக ஆவலோடு காத்திருந்தேன். ஃபேன் ஓடாததால் ஜன்னலைத் திறந்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவேன். என் குரலே எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்ததால், கொஞ்சம் உரக்கப் பேசினேன். கொஞ்சம் என்றுதான் நினைத்தேன்.

பேசியதை பிரவுசிங் சென்டரில் போய் இணையத்தில் ஏற்றினேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்று அதில் காட்டும் எண், நான் போய்ப் பார்க்கும்போது மட்டும் ஒன்று கூடியது. மனசே விட்டுப்போயிற்று. போதாக்குறைக்கு மோட்டாரும் இப்போதெல்லாம் சோப்பைக் கையில் எடுக்கும்போதே நின்றது.

ஒரு நாள் மாலை வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார்.

"கருவேப்பிலங்குறிச்சி விசேஷத்துக்குப் போயிட்டு, நான் ஒரு காலுக்கு வேற ஒருத்தன் செருப்ப மாட்டிக்கிட்டு வந்தேன்னு நேத்து சொன்னியே தம்பி?"

எந்த ஊரில் வீடு தேடுவது என்று அந்த நொடியே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"அதுக்கப்புறம் என்ன சொன்ன? கரண்டு வந்து மிஷினு ஓட ஆரம்பிச்சிடுச்சு, ஒண்ணும் கேக்கல. கரண்டு போனா எங்க ஆளுங்க எல்லாம் சோத்துத் தூக்குவாளிய எடுத்துக்கிட்டு உன் ஜன்னலுக்கு அடியிலதான் வந்து குந்துறாங்க. எங்க வூட்டுக்காரியும்தான்."

"உங்களுக்குக் கோவம் இல்லீங்களா அண்ணே?"

"மோட்டாரு கதையில இருந்துச்சு. அதான் இன்னும் சீக்கிரமா நிறுத்துனேன்."

எண்ணில் ஏறாத அத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் மரியாதைக்குச் சொன்னேன்.

"இனிமே ஹெட்போன கழட்டிட்டு மெதுவா பேசுறேங்க."

அவர் பதறிப்போனார்.

"ஐயய்யோ, அத மட்டும் கழட்டிடாத தம்பி. பின்னாடி குந்தியிருக்கிறவங்களுக்கு இப்பவே சரியா கேக்கல."