வேனை ஓட்டுவது நான்

வாங்கும்போதே அந்த வேனுக்குப் பதினாறு வயது. குத்தாலத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் அதில் மீன் ஏற்றினேன். முத்துப்பேட்டையில் விடிந்ததும் எடுக்கும் மீனைப் பேராவூரணிச் சந்தைக்குக் கொண்டுபோவது என் தொழில். என் வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவர். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது.

ஒரு கோடையில் வேன் சூடாக ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை, எங்காவது நின்றால் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும். பட்டறையில் இதைத்தான் சொன்னேன். மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கூட வந்த என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்.

“லேடீஸ் ஓட்டுனா கிளட்ச்சுலயே காலை வச்சிருப்பாங்கண்ணே. பிளேட்டு தேஞ்சிருக்கும். மாத்திடுவோம்.”

“எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது தம்பி. அவங்ககிட்ட கேளுங்க,” என்றார் இவர்.

“நின்னா மட்டுந்தாங்க சூடாகுது. ஃபேன் சுத்துதான்னு பாருங்க,” என்றேன்.

“அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்க்கா.”

மூன்று நாள் வேன் அங்கேயே கிடந்தது. மூன்று நாளும் நான் கூடையோடு பஸ் ஏறினேன். நாற்றம் என்று கண்டக்டர் பின்சீட்டுக்கு விரட்டினார். அந்த ஆத்திரமும் மெக்கானிக் மேல்தான் திரும்பியது.

வேனை எடுத்த மறுநாள் என் வீட்டுக்காரரும் சந்தைக்குக் கூட வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி. எஞ்சினை அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, குனிந்து பார்த்தேன். ஃபேனுக்குப் போகும் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சொருகினேன். எஞ்சினை ஓடவிட்டதும் சற்று நேரத்தில் ஃபேன் சுற்றியது. அவ்வளவுதான் வேலை.

மீனைச் சந்தையில் இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தேய்மானமே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

“கரெக்டா கண்டுபுடிச்சிட்டீங்களேண்ணே!”

“நான் வண்டியில தூங்கிக்கிட்டிருந்தேன்.”

நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். “வேன் என்னோடது. ஓட்டுறது நான். ஒயரச் சொருகுனதும் நான். என்னைப் பாத்து சொல்லுங்க, தப்புப் பண்ணிட்டேன்னு.”

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி, “கவனிக்காம விட்டுட்டேங்க்கா,” என்றார். தப்பு என்ற சொல் அவர் வாயில் கடைசிவரை வரவில்லை.

பிளேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. வேறு ஊரில் பார்க்கிறேன். பத்துக் கிலோமீட்டர் அதிகம். போகும்போதெல்லாம் கோபம் வருகிறது, எண்ணெய் மாற்றக்கூட நான் ஏன் இவ்வளவு தூரம் அலைய வேண்டும் என்று.